எங்கள் வீட்டை வாசித்தவர்கள்

என் கணவரையும் மகளையும் வேலைக்கு அனுப்பிவிட்டு, என் தம்பிக்குத் தேத்தண்ணியும் மருந்துக் குளிசையும் கொடுத்துவிட்டு, குசினி மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைப்பது என் காலை வழக்கம். அன்றும் அப்படித்தான் திறந்தேன். என் வலைப்பதிவை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று காட்டும் கோடு எப்போதும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். அன்றைக்கு அது எழுந்து நின்றது. ஏதோ பிழையென்று நினைத்துப் பக்கத்தை மூடித் திறந்தேன். அப்போதும் நின்றது.

அது பெரிய வலைப்பதிவு ஒன்றுமில்லை. ஊரடங்குக் காலத்தில், வீட்டுக்குள் அடைபட்டு ஒருவர்மீது ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்த நாட்களில், மகள்தான் அதைத் தொடங்கித் தந்தாள். “அம்மா, எங்களோடை கதைக்கிறதை எல்லாம் இதிலை எழுதுங்கோ. எங்கடை காதுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்” என்றாள். கலியாணத்துக்கு முன்னால் ஒரு சங்கத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவள் நான். விரல்களுக்குப் பழக்கம் விட்டுப்போகவில்லை. இணுவிலில் ஒரு வீட்டுக்குள் ஒரு நாளில் நடப்பதை எழுதினேன். கிணற்றுக்குள் விழுந்த பூனையைக் கடகத்தை இறக்கித் தூக்கியது, மழைக்கு ஓடு பிரிந்து சுவாமி அறை நனைந்தது, இவருடைய கோபம், மகளின் பிடிவாதம். யாருடைய பெயரையும் போட்டதில்லை. ஊரின் பெயரையும் போட்டதில்லை. கனடாவில் இருக்கும் என் சித்தப்பாவின் மகள் வாசித்தாள். என்னோடு வேலை செய்த ஒருத்தி வாசித்தாள். இன்னும் நாலைந்து பேர். அவ்வளவுதான் என் வாசகர் கூட்டம்.

இப்போது நாலைந்து பேர் போய் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இது சந்தோஷமான செய்தியாக இருக்க வேண்டும். எனக்கு அப்படி இருக்கவில்லை. போர்க்காலத்தில் எங்கள் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, யாரோ தங்களைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்தால், வாசல் படலை சாத்தியிருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் தோன்றும். உண்மையாகவே எழும்பிப் போய்ப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது.

இவர் பட்டணத்தில் ஒரு கந்தோரில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். மாலையில் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னேன்.

“எந்த நாட்டிலை இருந்து பாக்கினமாம்?” என்று கேட்டார்.

“கொஞ்சம் சிங்கப்பூர் எண்டு காட்டுது. மற்றதெல்லாம் இலங்கை.”

“சிங்கப்பூர் எண்டால் மெசின். மெசினுகள் உப்பிடி எல்லாத்தையும் திறந்து பாக்குமாம், கந்தோரிலை பெடியங்கள் சொன்னவங்கள்.” மற்றச் சப்பாத்தைக் கழற்றாமல் கொஞ்சம் யோசித்தார். “இலங்கை எண்டால் மெசின் இல்லை. கொஞ்சம் கவனமா எழுதும். உதுகளை வாசிக்கிறதுக்கெண்டே சம்பளம் குடுத்து ஆக்களை வைச்சிருக்கிறாங்கள்.”

“கத்தரிக்காய்க் கறியைப் பற்றி வாசிக்கிறதுக்கோ?”

“முதலிலை கத்தரிக்காய். பேந்துதான் மற்றது” என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மகள் வந்ததும் அவளிடமும் சொன்னேன். அவள் தனியார் வைத்தியசாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை பார்ப்பவள். முப்பதை நெருங்குகிறாள். “நல்லதுதானே அம்மா” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். தன் வேலைகளுக்கிடையில் என் எழுத்தை வாசிக்க நேரமில்லை என்று எப்போதும் சொல்கிறவள். ஆகவே அந்தப் பதிலில் எனக்குச் சந்தேகம் எதுவும் வரவில்லை.

அடுத்தடுத்த நாட்களில்தான் இன்னொன்றைக் கவனித்தேன். வந்தவர்கள் புதிதாக நான் எழுதியதை வாசிக்கவில்லை. பழையவற்றைத் தோண்டினார்கள். வீட்டுக்குச் சீமெந்து நிலம் போட்டதைப் பற்றி எழுதியது ஒருநாள். மகளுக்கும் எனக்கும் அவள் தலைமயிரைக் குட்டையாக வெட்டியதற்கு வந்த சண்டை இன்னொரு நாள். இவர் கோபத்தில் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனது. பிறகு என் தம்பியைப் பற்றியது. அதை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்திருந்தார்கள். யாரோ எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, ஒவ்வோர் அறையாகக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டு போவது போல இருந்தது.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபது வயதில் அவனுக்கு நோய் தொடங்கியது. யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்றான். தான் நினைப்பதை வெளியில் நிற்கிறவர்கள் கேட்கிறார்கள் என்றான். அந்தப் போர்க்காலத்தில் அது பாதி உண்மையாகவும் இருந்ததால் நோய் என்று எங்களுக்குப் பிடிபட நாள் எடுத்தது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னோடுதான் இருக்கிறான். மாதத்துக்கொரு முறை கிளினிக், ஊசி, தினமும் குளிசை. அமைதியானவன். ஒன்றுதான், திறந்திருக்கும் பாத்திரத்தைக் கண்டால் அவனால் பொறுக்க முடியாது. அதற்குள் ஏதோ இறங்குகிறது என்பான். கோப்பை, பேணி, வாளி எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்துவிடுவான், உள்ளே இருப்பதைப் பற்றிக் கவலையில்லாமல். அதைத்தான் எழுதியிருந்தேன். நோயின் பெயரையும் எழுதியிருந்தேன். மனச்சிதைவு. எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத பெயர் அது. ஊரில் எல்லோரும் தாராளமாகச் சொல்லும் ‘விசர்’ என்ற சொல்லும் எங்கள் வீட்டில் இல்லை.

இதை யார் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள்? பெயரில்லாத ஒரு வீட்டை இது எங்கள் வீடு என்று யாருக்கு அடையாளம் தெரியும்?

பக்கத்து வீட்டுக்காரியில் போய் நின்றது என் மனம். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் முன்பு வேலி. பிறகு மதில் கட்டினோம். மதில் கட்டியதில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். அவளுடைய சேவல் விடியமுன் கூவுவதைப் பற்றி ஒருமுறை பகிடியாக எழுதியிருந்தேன். அதை யாராவது காட்டியிருப்பார்களோ? அந்தக் கிழமை முழுவதும் அவள் என்னைக் கண்டு சிரித்தது வழக்கத்தைவிடக் கூடவா குறைவா என்று எடை போட்டேன். கடையில் பருப்பு வாங்கும்போது கடைக்காரப் பெண் “வீட்டிலை எல்லாரும் சுகமோ?” என்று கேட்டாள். ‘எல்லாரும்’ என்பதில் ஓர் அழுத்தம் இருந்ததாகப் பட்டது. பருப்பை மறந்து மிச்சக் காசோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஒரு பொறி வைத்துப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மதில் ஓரத்தில் எங்கள் பக்கம் ஒரு முருங்கை நிற்கிறது. பாதிக் காய் அவளுடைய பக்கம்தான் தொங்கும். அவள்தான் பிடுங்குவாள், நான் ஒன்றும் சொல்வதில்லை. அந்த முருங்கையை வருகிற கிழமை தறிக்கப்போகிறேன் என்று ஒரு பதிவு எழுதினேன். மசுக்குட்டிப் புழுத் தொல்லை தாங்க முடியவில்லை என்று காரணமும் சேர்த்தேன். பச்சைப் பொய். அந்த மரத்தில் கை வைக்க எனக்கு எண்ணமேயில்லை. அதை வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது யாருடைய வாயிலிருந்து முருங்கை வருகிறதோ அவர்தான் ஆள்.

காத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலால் எட்டி, “அக்கா, ரெண்டு காய் பிடுங்கிறன், சாம்பாருக்கு” என்றாள். மரத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. முகத்தை உற்றுப் பார்த்தேன். காய் பிடுங்குகிற முகம்தான், வேறொன்றும் இல்லை. அதையும் நான் நம்பவில்லை. நடிக்கத் தெரிந்தவள் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் நான் நடந்துகொண்டது எனக்கே பிடிக்கவில்லை. வீதியில் மோட்டார் சைக்கிள் நின்றால் யன்னலுக்குப் போனேன். ஒருநாள் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தம்பியிடம் போய், “ஆரும் வந்து எட்டிப் பாத்தவையோ? ஆரும் உன்னட்டை ஏதும் கேட்டவையோ?” என்று கேட்டேன்.

அவன் குழாயைக் கீழே போட்டான். என்னைக் கவனமாகப் பார்த்தான். வைத்தியர் அவனைப் பார்ப்பது போன்ற பார்வை.

“அக்கா, உனக்கும் துவங்கிட்டுதோ?”

பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையான கவலையோடு கேட்டான். “ஆரோ என்ரை எழுத்தை வாசிக்கினமடா, அதுதான்” என்றேன். “நானும் முதலிலை அப்பிடித்தான் சொன்னனான்” என்றான். பிறகு, “டொக்டரிட்டைச் சொல்லுவம். பயப்பிடாதை. ஊசி நோகாது” என்று சொல்லிவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டு அடுத்த வாழைக்குப் போனான். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. குசினிக்குள் போய்ச் சும்மா நின்றேன்.

முருங்கை கடைசியில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

இவருக்கு ஒன்றுவிட்ட தமக்கை ஒருவர் இருக்கிறார். எனக்கு மச்சாள். சொந்தத்துக்குள் சம்மந்தம் பேசி வைப்பது அவர்தான். மகளுக்காக அப்போது அரியாலையில் ஒரு மாப்பிள்ளைப் பகுதியைப் பேசிக்கொண்டிருந்தார். பெடியன் கொழும்பில் பொறியியலாளர். சாதகக் குறிப்புப் பொருந்திவிட்டது. பெடியனும் மகளும் போனில் ஒன்றிரண்டு முறை கதைத்துமிருந்தார்கள். தம்பியைப் பற்றி மச்சாள் அவர்களுக்கு, “பிள்ளையின்ரை மாமா ஒராள் கூட இருக்கிறார், கொஞ்சம் சுகமில்லாதவர்” என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அது எங்கள் வழக்கம். முன்பு இரண்டு முறை பெண் பார்க்க வந்தபோது, தம்பியை வட்டுக்கோட்டையில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். இரண்டும் சரிவரவில்லை என்பது வேறு கதை.

மச்சாள் காலையில் போன் எடுத்தார். மாப்பிள்ளைப் பகுதி வீட்டுக்கு வர நாள் பார்க்கிறது என்றார். பிறகு, கதையோடு கதையாக, “அதுசரி, ஏன் முருங்கையைத் தறிக்கப் போறியள்? காய்க்கிற மரத்தை” என்றார்.

கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது.

“ஆர் மச்சாள் உங்களுக்குச் சொன்னது?”

“பெடியன்ரை தாய்தான். நேற்றுக் கதைக்கேக்கை சொன்னவ. நல்ல மரமாம், பாவமாம்.”

போனை வைத்தேன். இப்போது எல்லாம் விளங்கியது. பட்டணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு வீட்டில், தாய், தகப்பன், பெரியம்மா, சித்தப்பாமார் என்று எல்லோரும் கூடியிருந்து எங்கள் வீட்டை வாசித்திருக்கிறார்கள். விசாரிக்கிறார்கள். முந்தி என்றால் பெண் வீட்டைப் பற்றிக் கடையில் கேட்பார்கள், கோயிலில் கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவரைக் கேட்பார்கள். இவர்களுக்கு அந்தக் கரைச்சலே இல்லை. தாய்க்காரி தன் கையாலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள். மகளின் பிடிவாதம், தகப்பனின் கோபம், மாமாவின் நோய்.

உடனே போய்த் தம்பியைப் பற்றிய பதிவை மற்றவர்கள் கண்ணுக்குப் படாமல் மறைத்தேன். வாசித்தவர்கள் வாசித்துவிட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. கோப்பை தள்ளிய கதையையும் மறைத்தேன். தலைமயிர்ச் சண்டையையும் மறைத்தேன். வீட்டுக்கு நிலம் போட்டதை விட்டுவைத்தேன்.

மகள் வேலையால் வந்து, கைப்பையை வைக்காமலே குசினி வாசலில் நின்றாள்.

“மாமாவைப் பற்றி எழுதினது எங்கை?”

வாசிக்க நேரமில்லாதவளுக்கு அது காணாமல் போனது எப்படித் தெரியும்? நான் அவளைப் பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை.

“நீயோ குடுத்தனி?” என்றேன்.

“ஓம். நான்தான் லிங்க் அனுப்பினனான்.”

“ஆருக்கு?”

“அவருக்கு. எங்கடை வீட்டைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு கேட்டவர். நான் சொல்லுறதிலும் பாக்க அம்மா வடிவாச் சொல்லியிருக்கிறா எண்டு அனுப்பினனான். அவர் தாய்க்கு அனுப்பியிருக்கிறார். தாய் மற்றாக்களுக்கு அனுப்பியிருக்கிறா. அதுக்கு நான் என்ன செய்யிறது?”

இவர் விறாந்தையிலிருந்து எழும்பி வந்தார். “உனக்கென்ன விசரே பிள்ளை?” என்றார். சொல்லிய பிறகுதான் அந்தச் சொல் அவருக்கே கேட்டது. தம்பி பின் வாசலில் நின்றான்.

மகள்தான் பேசினாள். குரல் உயரவில்லை. “ரெண்டு முறை மாமாவை வட்டுக்கோட்டைக்கு அனுப்பினீங்கள். ரெண்டாம் முறை அவர் தன்ரை உடுப்புப் பையைத் தானே அடுக்கினவர். ஆரோ என்னைப் பாக்க வருகினம் எண்டால் தான் போக வேணுமெண்டு அவருக்குத் தெரியும். நான் அதைப் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். மூண்டாம் முறை ஏலாது அம்மா. வாறவை எல்லாத்தையும் வாசிச்சிட்டு வரட்டும். இல்லாட்டி வரத் தேவையில்லை.”

“எல்லாத்தையும் வாசிச்சனியோ நீ?” என்று கேட்டேன். அந்த நேரத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல என்று தெரியும்.

“ஒண்டும் விடேல்லை” என்றாள். “தலைமயிர் விசயத்திலை நீங்கள் எழுதினது பொய். முதலிலை கத்தினது நீங்கள்தான்.”

அன்றிரவு நான் எதையும் மாற்றவில்லை. அடுத்த நாள் காலை, வீடு வெறுமையான பிறகு, மறைத்த பதிவைத் திறந்து வாசித்தேன். அரியாலையில் இருக்கிற முகம் தெரியாத ஒரு தாயின் கண்ணால் வாசித்தேன். ஒவ்வொரு வரியும் குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது. பிறகு தம்பி உள்ளே வந்து, நான் பாதி குடித்து வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தேடினான். அவன் கவிழ்க்கமுன் எடுத்துக் குடித்து முடித்தேன். பிறகு மறைத்த மூன்றையும் திரும்ப வெளியில் விட்டேன். தைரியத்தில் செய்ததல்ல. மகளின் முகத்தை மாலையில் பார்க்க வேண்டுமே என்ற பயத்தில்.

பத்து நாள் போலக் கழித்து மச்சாள் போன் எடுத்தார். குரல் இறங்கியிருந்தது. “வேறொரு சாத்திரியிட்டைக் காட்டினவையாம். பொருத்தம் சரிவரேல்லையாம்” என்றார். பொருந்திய குறிப்பு.

பெடியன் மகளுக்கு வட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி அனுப்பியிருந்தான். வீட்டில் சம்மதிக்கவில்லை என்று. அவள் எனக்குக் காட்டிவிட்டு, புட்டை முழுவதும் சாப்பிட்டு முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள். இவர் என்னைப் பார்த்து, “எழுதினது காணும்” என்றார். கோபமில்லை. களைத்துப்போன குரல். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் கோடு தரைக்கு இறங்கவில்லை. கூட்டம் போய்விட்டது, அது தெரிந்தது. ஆனால் யாரோ ஒருவர் மட்டும் நாளுக்கு நாள் வந்துகொண்டிருந்தார். தம்பியைப் பற்றி எழுதியது, கிளினிக்கில் காத்திருந்ததைப் பற்றி எழுதியது, அவன் ஒருநாள் காணாமல் போய்க் கோயில் வீதியில் கிடைத்ததைப் பற்றி எழுதியது. அவற்றையேதான். வேண்டாமென்று சொன்ன பிறகும் என்ன பார்வை? வாசித்துச் சிரிக்கிறார்களா? இன்னொரு இடத்தில் எங்களைப் பேசுவார்கள் என்றால் அங்கே கொடுப்பதற்குச் சேர்த்து வைக்கிறார்களா? வலைப்பதிவை அடியோடு அழித்துவிடுவது என்று தீர்மானித்தேன். எப்படி அழிப்பது என்று மகளைக் கேட்க வெட்கப்பட்டுத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்கும்போது ஒரு முற்பகல் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். படலைக்கு வெளியே ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். வெளிறிய நூல் சேலை, கையில் குடை, ஒரு சீப்பு வாழைப்பழம்.

“ஆர்?” என்றேன், படலையைத் திறக்காமல்.

“அரியாலையிலை இருந்து வாறன்” என்றா. “உங்களுக்குப் பொருத்தம் சரிவரேல்லை எண்டு சொல்லி அனுப்பினனாங்கள்.”

திட்டி அனுப்பலாம் என்று நினைத்தேன். அதற்குள் கை படலையைத் திறந்துவிட்டது. முன் அறையில் இருத்தினேன். தேத்தண்ணி ஊற்றப் போனபோதும் குசினிக்குள் இருந்து ஒரு கண் அவவில்தான். சுவரைப் பார்த்தா. நிலத்தைப் பார்த்தா. நான் எழுதிய வீட்டை நேரில் சரிபார்க்க வந்திருக்கிறா என்று நினைத்தேன். எனக்கு எரிந்துகொண்டு வந்தது.

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டுக் குட்டி மேசையில் வைத்தா. அந்த நேரம் பார்த்துத் தம்பி உள்ளே வந்தான். யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கோப்பையை எடுத்துத் தட்டத்தில் கவிழ்த்தான். தேத்தண்ணி மேசையில் ஓடி அவவுடைய சேலையில் சொட்டியது. நான் பதறி எழும்பினேன்.

அவ பதறவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து மேசை விளிம்பில் அணையாகப் பிடித்து, தேத்தண்ணி நிலத்துக்கு வராமல் ஒற்றி எடுத்தா. அவசரமில்லாமல், பழகிய கையோடு. தம்பியின் முகத்தைப் பார்க்காமல், அவனுக்குக் கேட்கிற மாதிரி மட்டும், “பரவாயில்லை ராசா” என்றா. அவன் போன பிறகுதான் நிமிர்ந்தா. புதிதாக ஒருவர் அப்படி ஒற்ற மாட்டார். அப்படிக் குரலை இறக்கவும் மாட்டார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

“ஆர் உங்கடை வீட்டிலை?” என்று கேட்டேன்.

“மூத்தவன்” என்றா. “கொழும்பிலை தம்பியாரோடை நிக்கிறான் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறம். ஆனால் எங்கடை மேல் மாடியிலைதான் இருக்கிறான். பெரியம்மா ஆக்களுக்கும் தெரியாது.”

பிறகு நிற்காமல் சொன்னா. பெடியனுக்கு எங்கள் பிள்ளையைப் பிடித்ததாம். தனக்கும் பிடித்ததாம். தகப்பன்தான், இரண்டு பக்கமும் இருந்தால் பிறக்கிற பிள்ளைகளுக்கு வந்துவிடும் என்று பயந்துபோனாராம். எங்களிடம் உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டுச் சாத்திரியின் தலையில் போட்டார்களாம். “நீங்கள் எழுதியிருக்கிறியள். நாங்கள் ஒளிச்சு வைச்சிருக்கிறம். அவ்வளவுதான் வித்தியாசம்” என்றா.

“அதைச் சொல்லவோ வந்தனீங்கள்?”

“இல்லை.” குடையின் பிடியைத் திருகிக்கொண்டிருந்தா. “அவன் குளிக்கிறானில்லை. கிழமைக் கணக்கா. தகப்பன் அடிச்சுக் குளிக்க வாக்கிறார். நீங்கள் உங்கடை தம்பியை எப்பிடிக் குளிக்க வைக்கிறியள்? எல்லாத்தையும் தேடித் தேடி வாசிச்சுப் பாத்தன். அதை மட்டும் நீங்கள் எழுதேல்லை.”

அத்தனை நாளும் நான் பயந்த வாசகர் இவதான். தேடியது என்ன என்று கேட்டால், ஒரு மனிதனைக் குளிக்க வைக்கும் வழி.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குளி என்று சொல்வதில்லை. கிணற்றடியில் வாளியில் தண்ணீர் நிரப்பி வெயிலில் வைத்துவிட்டு, துவாயைக் கொடியில் போட்டுவிட்டு, நான் போய்விடுவேன். முதலில் கவிழ்ப்பான். திரும்ப நிரப்பி வைப்பேன். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தால் ஒருநேரம் குளிப்பான். பின்னேரமாகலாம். அதையும் கவனிக்காத மாதிரி இருக்க வேண்டும். அவ பாடம் கேட்கிற பிள்ளை மாதிரிக் கேட்டா. எந்தக் கிளினிக், எந்த நாள், யார் நல்ல டொக்டர் என்றும் கேட்டா. சொன்னேன். போகும்போது, “தம்பியோடை கதைக்கலாமோ?” என்றா. பின்னால் போய்த் தம்பியைக் கேட்டேன். “ஆர் உவ? ஏன் என்னோடை கதைக்க வேணும்? ஆர் அனுப்பினது?” என்று கேட்டுவிட்டுத் தன் அறைக்குள் போய் யன்னலைச் சாத்தினான். அத்தனை நாளும் எனக்கும் அதே கேள்விகள்தான் இருந்தன.

மாலையில் மகளுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். முடிந்ததும், “அவர் போனிலை மாமாவைப் பற்றி என்னோடை எவ்வளவு நேரம் கதைச்சவர் தெரியுமோ?” என்றாள். “பாவம் எண்டவர். எப்பிடி வைச்சுப் பாக்கிறியள் எண்டு கேட்டவர். எல்லாத்தையும் என்னட்டை இருந்து கேட்டார். தன்ரை அண்ணையைப் பற்றி ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

“பயந்திருப்பான் பிள்ளை.”

“பயப்பிடட்டும். என்னை வாசிச்சிட்டுத் தன்னை மூடி வைச்சவரோடை நான் எப்பிடி இருக்கிறது?” பிறகு, “தாய் பாவம்” என்றாள். அழுதாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அந்தச் சம்மந்தம் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு வேறு ஒன்றும் இன்னும் பேசவில்லை. அவளும் அவசரப்படவில்லை, மச்சாள்தான் அவசரப்படுகிறார்.

வலைப்பதிவை அழிக்கவில்லை. குளிப்பைப் பற்றி எழுதினேன். குளிசையைச் சோற்றுக்குள் ஒளித்துக் கொடுத்து அவனிடம் பிடிபட்டதைப் பற்றி எழுதினேன். இப்போது வருகிறவர்களின் கூட்டம் சிறியதுதான், ஆனால் முந்தியதைவிடப் பெரியது. சிலர் பெயர் போடாமல் கேள்வி கேட்கிறார்கள். யார் என்று நானும் கேட்பதில்லை.

அரியாலை அம்மா மாதத்துக்கொரு முறை போன் எடுப்பா. மூத்த மகன் கிளினிக்குக்கு ஒருமுறை போனான், மறுமுறை போக மறுத்துவிட்டான். தகப்பன் இப்போது அடிப்பதில்லை என்றா. பெரியம்மா ஆக்களுக்கு இன்னும் சொல்லவில்லையாம். தன் கதையை எழுதலாமோ என்று நானே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “எழுதுங்கோ. ஆனால் பேர் போடாதேங்கோ” என்றா.

கடைசியாக எடுத்தபோது, வைக்கப்போகிற நேரத்தில், “பிள்ளைக்கு ஏதும் சரிவந்ததோ?” என்று கேட்டா. சும்மா அக்கறையில் கேட்டாவோ, சின்னவனை மனதில் வைத்துக்கொண்டு கேட்டாவோ தெரியாது. “இன்னும் இல்லை” என்றேன். போனை வைத்த பிறகும் அந்தக் கேள்வியை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மகளிடம் அதை நான் சொல்லவில்லை.